பாஸ்தா தண்ணீரில் எவ்வளவு கடல்?

மார்ச் மாதத்துப் பகல் பதினோரு மணிக்கு மரக்காணம் உப்பளத்து வரப்பில் நின்றால் கண்ணைச் சுருக்காமல் எதையும் பார்க்க முடியாது. மேலிருந்து அடிக்கும் வெயில் பாதி, பாத்தியில் பட்டுத் திரும்பி அடிக்கும் வெயில் மீதி. விடியுமுன் வேலைக்கு வந்தவர்கள் அதற்குள் உப்பை வாரி வரப்போரம் குவித்திருப்பார்கள். நீண்ட மூங்கில் கம்பின் நுனியில் ஒரு பலகை. அதை வைத்துப் பாத்தியின் அடிமண்ணைக் கிளறாமல், மேலே படிந்த படிகத்தை மட்டும் இழுத்துவர வேண்டும். கை கொஞ்சம் அழுத்தினால் சேறு கலந்து உப்பு கறுத்துவிடும். கை தளர்ந்தால் பாதி உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். இந்தப் பக்குவத்தை எந்தக் கருவியும் சொல்லித் தராது. பல பருவங்கள் வெறுங்காலோடு உப்புநீரில் நின்ற உடம்பு தானாகக் கற்றுக்கொள்வது அது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் சாலையோரத்து வெள்ளைக் குவியல்கள்தான் நினைவுக்கு வரும். விழுப்புரம் மாவட்டத்துக் கடலோர ஊர். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் கழுவெளி என்னும் உவர்நீர்ச் சதுப்பு. ஆந்திரத்துக் காக்கிநாடாவிலிருந்து கடலோரமாகவே இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் முடிகிற இடமும் இதுதான். கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி, வேதாரண்யம் என்று தமிழகத்து உப்பு ஊர்களைச் சொல்லும்போது அடுத்து வரும் பெயர் மரக்காணம்.

இந்த ஊரில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். புதுச்சேரியில் வேலை பார்க்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறாள். பையில் பெரிய சிப்பி வடிவப் பாஸ்தா ஒரு பாக்கெட், பாலாடைக்கட்டி ஒரு பொட்டலம். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் அவளே செய்யப்போகிறாள். அடுப்பில் தண்ணீர் ஏறியதும், காணொளியில் பார்த்ததைச் சொல்கிறாள்.

"ஏம்மா, தண்ணி கடல் மாதிரி கரிக்கணுமாம்."

"கடல் தண்ணில வேகவச்சா யாரு வாயில வைக்கிறது?"

அம்மா சொன்னதுதான் சரி. அது ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த விருந்தின் அறிவியல் முழுவதும் அதிலிருந்தே விரியும்.

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சமையலுக்கு ஆகும் சோடியம் குளோரைடு மட்டும் ஏறக்குறைய 27 கிராம். மீதி மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் வகைகள். பாஸ்தாவுக்கு நல்ல சமையல்காரர்கள் போடுவதோ லிட்டருக்குச் சுமார் 10 கிராம், அதாவது கடலின் உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. "கடல்போல" என்பது பேச்சுக்கு அழகான வாசகம். அதைச் சொல்லுக்குச் சொல் நம்பிச் சமைத்தால் குழந்தைகள் இரண்டாவது வாய் எடுக்கமாட்டார்கள்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. உப்புப் போட்டால் தண்ணீர் அதிகச் சூட்டில் கொதிக்கும், பாஸ்தா சீக்கிரம் வேகும் என்பது. உப்பு கொதிநிலையை உயர்த்துவது உண்மை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. லிட்டருக்கு 10 கிராம் போட்டால் ஏறுவது 0.2 டிகிரிகூட இல்லை. கடல்நீரையே கொதிக்கவைத்தாலும் அரை டிகிரிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. வேகும் நேரத்தில் அதனால் எந்த மாற்றமும் தெரியாது. பாஸ்தா தண்ணீரில் உப்புப் போடுவது ருசிக்காக மட்டுமே. மாவு தண்ணீரைக் குடிக்கும்போது உப்பும் கூடவே உள்ளே போகிறது. வெந்தபின் மேலே தூவும் உப்பு நாக்கின் நுனியில் மட்டும் கரிக்கும், உள்ளே சப்பென்று இருக்கும்.

அந்த உப்பு பாத்தியில் எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கடல்நீரைக் கட்டிவைத்துக் காயவிட்டால் உப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு வகை, பிறகு ஜிப்சம். தண்ணீர் காய்ந்து காய்ந்து முதலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். உப்பளத்தில் இதை 'டிகிரி' பார்ப்பது என்பார்கள். பியூமே என்ற அளவில், கடல்நீர் மூன்று டிகிரி சொச்சம். இருபத்தைந்து டிகிரி வந்ததும் உப்பு இறங்கும். முப்பதை நெருங்கும்போது மீதி நீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பு கசக்கும். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நீரை மாற்றி மாற்றி விடுவது, ஒவ்வோர் உப்பையும் அதனதன் இடத்தில் இறக்கிவிட்டு வருவதற்காகத்தான். வேதியியல் கூடத்தில் கண்ணாடிக் குடுவையில் நடக்கும் பிரித்தெடுத்தலை இங்கே மண் வரப்பும் வெயிலும் காற்றும் செய்கின்றன.

வடித்துவிடும் அந்தக் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு மிகுதி. ஜப்பானில் அதற்கு நிகாரி என்று பெயர். சோயாப் பாலைத் திரியவைத்து டோஃபு செய்யும் பொருள் அதுவே. நம்மூர்க் கல் உப்பு ஐப்பசி மழையில் ஜாடிக்குள்ளேயே நீர்விட்டுக் கசிவதற்கும் அதுதான் காரணம். மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பைக் குவித்து நாள்கணக்கில் வடியவிட்டு, ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிவைப்பதன் பயன் இங்கே தெரியும்.

இனி அடுப்படிக்குத் திரும்பலாம்.

மகள் செய்யப்போகும் பண்டத்தின் அமைப்பு எளிது. மாவுக் கூட்டுக்குள் பூரணம், அடியில் கறிக் குழம்பு. இத்தாலியர்கள் அந்தப் பெரிய சிப்பியைக் கொங்கில்யோனி என்பார்கள். பூரணக் கொழுக்கட்டை பிடித்த கைக்கு இது புதிய வேலை இல்லை. தமிழ் முஸ்லிம்களின் வீடுகளில் தக்கடி என்று ஒரு பண்டம் உண்டு. அரிசிமாவை உருண்டைகளாகப் பிடித்து ஆட்டுக்கறிக் குழம்பிலேயே போட்டு வேகவைப்பார்கள். மாவும் கறியும் ஒரே சட்டியில் ஒன்றின் ருசியை மற்றொன்று வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைப் பல நாட்டுச் சமையல்கள் தனித்தனியே கண்டடைந்திருக்கின்றன.

அரிசிமாவும் கோதுமையும் மட்டும் அடிப்படையில் வேறு. கொழுக்கட்டைக்கு மாவில் கொதிநீர் விட்டுத்தான் பிசைகிறோம். பச்சைத் தண்ணீர் விட்டால் மாவு உதிர்ந்துவிடும், சொப்பு பிடிக்க வராது. அரிசியில் குளுட்டன் இல்லை. கொதிநீர் படும்போது ஸ்டார்ச்சின் ஒரு பகுதி வெந்து பசையாகிறது, அந்தப் பசைதான் மாவைக் கட்டிப்பிடிக்கிறது. கோதுமையில் கிளையடின், குளுட்டெனின் என்ற இரண்டு புரதங்கள் பச்சைத் தண்ணீரிலேயே இணைந்து குளுட்டன் என்னும் நெகிழும் வலையைப் பின்னிவிடும். பரோட்டா மாவு வீசும்போது கிழியாமல் விரிவதும் இந்த வலையால்தான். பாஸ்தாவுக்கு எடுப்பது டியூரம் என்ற கடினக் கோதுமையின் ரவை. இந்தியாவில் அது மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் நன்றாக விளைகிறது. அந்த ரவையை அழுத்தமாகப் பிசைந்து, அச்சில் பிழிந்து, மெல்லக் காயவைக்கிறார்கள். வேகும்போது ஸ்டார்ச் துகள்கள் நீர் குடித்துப் பருக்கின்றன. புரத வலை அவற்றை வெளியே விடாமல் பிடித்து நிறுத்துகிறது. வலை வலுவாக இருந்தால் சிப்பி சிப்பியாகவே இருக்கும். வலை நைந்தால் கஞ்சிதான்.

ஆகவே சிப்பிகளைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே எடுத்துவிட வேண்டும். மீதி வேக்காடு குழம்புக்குள் நடக்கும்.

இந்தப் பண்டத்தில் அதிகம் சிந்திக்கவைப்பது பூரணம். இத்தாலியில் ரிகோட்டா வைப்பார்கள். பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரை மறுபடி சூடாக்கித் திரட்டுவது அது. நம்மிடம் அதற்கு மிக அருகில் இருப்பது பன்னீர். பன்னீரை உதிர்த்து, கூடவே மொசரெல்லாவைத் துருவிச் சேர்த்தால் பூரணம் தயார். மரக்காணத்துக்குத் தெற்கே ஆரோவில் பகுதியில் மொசரெல்லா உட்படப் பலவகைப் பாலாடைக்கட்டிகள் பல ஆண்டுகளாகவே தயாராகின்றன.

இரண்டும் பாலிலிருந்து வந்தவைதான். மொசரெல்லா சூட்டில் உருகி நூலாக இழுபடுகிறது. பன்னீரை எவ்வளவு வாட்டினாலும் உருகுவதே இல்லை. ஏன்?

பாலில் கேசின் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைக்குள் புரதங்களை ஒட்டிவைத்திருக்கும் பசை கால்சியம் பாஸ்பேட். உருண்டையின் மேற்புறத்தில் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒருவகைக் கேசின் உண்டு. ஓர் உருண்டை இன்னொன்றோடு ஒட்டாமல் தள்ளிவைப்பது அதன் வேலை. மொசரெல்லாவுக்கு ரென்னெட் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். நொதி அந்த மயிரை மட்டும் மழித்துவிடும். உருண்டைகள் நெருங்கி, கால்சியத்தின் துணையோடு கைகோத்துத் தயிர்போல் உறையும். பிறகு நுண்ணுயிர்கள் மெல்லப் புளிக்கவைக்கும்போது கால்சியத்தில் ஒரு பகுதி கரைந்து வெளியேறும். அமிலத்தன்மையைக் காட்டும் pH ஏறக்குறைய 5.2 என்ற அளவுக்கு வரும்போது, புரதங்களுக்கு இடையே இருக்கும் பிடி இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் சரியாக நிற்கும். அப்போது வெந்நீரில் போட்டு இழுத்தால் கட்டி பட்டுத்துணிபோல் நீளும். இழுத்து மடித்து இழுத்ததால் புரதமெல்லாம் ஒரே திசையில் இழையோடிவிடும். வீட்டில் மறுபடி சூடாக்கும்போது அந்தப் பிடி நெகிழ்ந்து உருகுகிறது.

பன்னீரின் கதை வேறு. கொதிக்கக் காய்ந்த பாலில் எலுமிச்சைச் சாறு விடுகிறோம். அந்தச் சூட்டில் தெளிநீர்ப் புரதங்களும் சுருள் அவிழ்ந்து கேசினோடு ஒட்டிக்கொள்கின்றன. அமிலமோ ஒரே நொடியில் வந்து கால்சியப் பசையைக் கரைத்துவிடுகிறது, ஒன்றையொன்று விலக்கிவைத்த மின்னூட்டத்தையும் நீக்கிவிடுகிறது. விலக்கும் விசை போனதும் புரதங்கள் நேருக்கு நேர் இறுகக் கட்டிக்கொள்கின்றன. மறுபடி சூடாக்கினால் அந்தக் கட்டு அவிழுமுன் உள்ளே இருக்கும் தண்ணீர்தான் ஆவியாகிப் போகிறது. எனவே பன்னீர் உருகாது, காயும், மேலே சிவக்கும்.

பூரணத்துக்கு இந்தக் குணபேதம் ஒரு வரம். பன்னீர் மட்டும் வைத்தால் வாயில் உதிரியாக நிற்கும். மொசரெல்லா மட்டும் வைத்தால் உருகிச் சிப்பியை விட்டு வழிந்து குழம்பில் கலந்துவிடும். உருகாதது சுவராக நிற்க, உருகியது அதன் சந்துகளில் பாய்ந்து பூசிக்கொள்ளும். செங்கல்லும் சாந்தும்போல.

மொசரெல்லாவின் ஊரான இத்தாலியின் கம்பானியாவில் அது எருமைப் பாலில்தான் செய்யப்பட்டு வந்தது. உலகிலேயே அதிகமாக எருமைப் பால் கறக்கும் நாடு இந்தியா. கொழுப்பும் கேசினும் கால்சியமும் பசும்பாலைவிட எருமைப் பாலில் அதிகம். நம் ஊர் எருமைப் பாலுக்குக் காப்பிக் கடைக்கு அப்பாலும் பெரிய இடம் இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பாலாடைக்கட்டியிலும் உப்பு வருகிறது. இழுத்து உருட்டிய மொசரெல்லாவை உப்புநீரில் ஊறவைப்பார்கள். கெட்டிப் பாலாடைக்கட்டிகளுக்கான உப்புநீர்த் தொட்டி நூற்றுக்கு இருபது பங்கு உப்பை நெருங்கி இருக்கும். மரக்காணத்தில் உப்பு இறங்கும் கடைசிப் பாத்தியின் நீரில் அது சுமார் இருபத்தைந்து. இவ்வளவு உப்பில் சாதாரணப் பாக்டீரியாக்கள் தாக்குப்பிடிக்காது. அவற்றின் உடலிலிருந்து தண்ணீர் வெளியே உறிஞ்சப்பட்டுவிடும். உப்பையே விரும்பி வாழும் சில நுண்ணுயிர்கள் மட்டும் அதில் செழிக்கும். கோடையில் உப்பளப் பாத்திகள் சில இளஞ்சிவப்பாகத் தெரிவது அவற்றின் நிறமியால்தான். சரியாக உலராத கருவாட்டின் மேல் படரும் சிவப்பும் இதே கூட்டத்தின் வேலை.

அடுத்தது கறி. தமிழில் இதற்கென்றே கொத்துக்கறி என்ற அருமையான சொல் இருக்கிறது. நான்கு பேருக்கு ஆட்டுக்கறி 400 கிராம் போதும். எந்த நேரத்தில் உப்புப் போடுகிறோம் என்பதில் இங்கே மிகுந்த கவனம் வேண்டும். தசையில் மயோசின் என்ற புரதம் இருக்கிறது. அது உப்புநீரில் கரையக்கூடியது. பச்சைக் கொத்துக்கறியில் உப்பைப் போட்டு ஐந்து நிமிடம் பிசைந்து பாருங்கள். முதலில் உதிரியாக இருந்த கறி மெல்ல மெல்லப் பிசுபிசுத்து, விரலில் ஒட்டி, இழை இழையாக நீளும். கரைந்து வெளியே வந்த மயோசின்தான் அந்தப் பிசுக்கு. சூடு பட்டதும் அது இறுகிக் கறியை ஒரே கட்டியாக்கும். கோலா உருண்டை எண்ணெயில் உடையாமல் நிற்பதற்கு இது பெரிய உதவி. குழம்புக்கோ கறி உதிரியாக வேண்டும், சிப்பியின் மடிப்புகளில் போய் அமர வேண்டும். ஆகவே குழம்புக்கு முதலில் கறியை உப்பில்லாமல் வதக்கி, நிறம் மாறியபின் உப்புப் போட வேண்டும். அளவு ஒன்றே, பத்து நிமிடம் முன்பின்னாகப் போட்டால் இரண்டு வேறு பண்டம்.

வதக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கறி பொன்னிறமாகி மணப்பது மயிலார்ட் வினையால். லூயி கமில் மயிலார்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-ல் விவரித்தது. அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் இணைந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்கும். அது வேகமெடுக்கச் சுமார் 140 டிகிரி வேண்டும். கறியில் தண்ணீர் நிற்கும்வரை சட்டி நூறு டிகிரியைத் தாண்டாது. ஒரு கிலோ தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் அதை ஆவியாக்க வேண்டியிருக்கிறது. நானூறு கிராமையும் ஒரே தடவையில் கொட்டினால் அடுப்பின் வெப்பம் எல்லாம் நீரை விரட்டுவதிலேயே செலவாகும், கறி வதங்காமல் தன் நீரிலேயே சாம்பல் நிறத்தில் வேகும். அகலச் சட்டியில் இரண்டு ஈடாகப் போடுவதே நல்லது.

பிறகு வெங்காயம், பூண்டு, தக்காளி. மணிக்கணக்கில் சிறுதீயில் கொதிக்கவிட்டால் கறியின் விறைப்பான கொலாஜன் நார் கரைந்து ஜெலட்டினாக மாறிக் குழம்புக்கு வழவழப்புத் தரும். பொலோன்யா நகரத்தின் புகழ்பெற்ற கறிக் குழம்புக்கான செய்முறையை இத்தாலியச் சமையல் கழகம் 1982-ல் அந்நகர வணிக மன்றத்தில் பதிவே செய்துவைத்தது. அந்த ஊர் தன் குழம்பை அவ்வளவு மதிக்கிறது.

தக்காளிக்கும் கறிக்கும் இடையே ஓர் உறவு இருக்கிறது. 1908-ல் தோக்கியோவில் கிகுனாயே இகேடா கொம்புக் கடற்பாசியின் ருசிக்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா 1913-ல் உலர்த்திய சூரை வகை மீனிலிருந்து இனோசினேட் என்ற இன்னொரு ருசிப்பொருளைக் கண்டார். தனித்தனியே இரண்டும் சாதாரணம். சேர்ந்தால் நாக்கு உணரும் ருசி பல மடங்காகிறது என்பதை அகிரா குனினாகா பின்னர் நிறுவினார். தக்காளியில் குளுட்டமேட் நிறைய. கறியிலும் மீனிலும் இனோசினேட் நிறைய. கறிக் குழம்பில் தக்காளி சேர்ப்பது புளிப்புக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மரக்காணத்துக்கு இங்கே ஒரு தனி உரிமை உண்டு. இத்தாலியில் கறிக் குழம்புகளில் உப்பில் ஊறிய நெத்திலி ஒன்றிரண்டைக் கரைத்துவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. மீன் வாடை வராது, கறியின் ருசிதான் கூடும். அந்த மீனும் நம் நெத்திலியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உப்பும் நாளும் சேர்ந்து மீனின் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்து அமினோ அமிலங்களை விடுவிக்கின்றன. ஓராண்டுக்கு மேல் முதிரும் பார்மிசான் பாலாடைக்கட்டியிலும் நடப்பது இதுவே. நெத்திலிக் கருவாட்டைத் தலை நீக்கி, வெந்நீரில் கழுவி, எண்ணெயில் பொரித்துப் பொடித்து இரண்டு சிட்டிகை குழம்பில் போட்டால் போதும். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்த ஊரில் பாணர்களுக்குக் கிடைத்த விருந்தில் உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தந்ததாக அந்நூல் சொல்கிறது. இந்தக் கரையில் உலர்மீனின் ருசி அத்தனை பழையது.

சிப்பிகளில் பூரணத்தை நிரப்பி, குழம்பின் மேல் அடுக்கி, மேலே கொஞ்சம் மொசரெல்லா தூவ வேண்டும். அவன் அடுப்பு இல்லையென்று யாரும் இதைக் கைவிட வேண்டாம். மொசரெல்லா அறுபது டிகிரி சொச்சத்திலேயே நெகிழ்ந்துவிடும். இட்லிப் பானையின் ஆவி நூறு டிகிரி, தாராளமாகப் போதும். மேலே சொட்டு விழாமல் தட்டால் மூடிப் பத்து நிமிடம் வைத்தால் உருகி வழியும். மேற்புறம் சிவக்க மட்டும்தான் அதிகச் சூடு தேவை. அது வேண்டுமென்றால் பழைய பிரியாணி முறையில் கனத்த சட்டியை மூடி, மூடியின் மேல் தணலைப் பரப்பலாம்.

இனி உப்புக் கணக்கு. நான்கு பேருக்குச் சிப்பி 250 கிராம். வேகும்போது அது தன் எடை அளவுக்கோ அதற்குச் சற்று மேலோ தண்ணீர் குடிக்கும். தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு என்றால் உள்ளே போவது சுமார் 3 கிராம். கறிக்கு அதன் எடையில் நூற்றுக்கு ஒன்று, 4 கிராம். பூரணத்தில் மொசரெல்லா கொண்டுவருவதும் பன்னீருக்குப் போடுவதும் சேர்ந்து 3 கிராம். கருவாடு போட்டால் கறியின் உப்பில் ஒரு கிராம் குறைத்துக்கொள்ளலாம். மொத்தம் 10 கிராம், ஆளுக்கு இரண்டரை. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரே வேளையில் அதில் பாதி. மூன்று இடங்களிலும் கண்ணளவில் அள்ளிப் போட்டால் இது எளிதாக இரட்டிப்பாகும். கல் உப்பையும் தூள் உப்பையும் கரண்டியால் அளக்கவே கூடாது. ஒரே கரண்டியில் தூள் உப்பு நெருங்கி அமரும், கல் உப்பு இடைவெளி விட்டு நிற்கும், எடை மாறிவிடும். சமையலறையில் சிறிய எடைக்கருவி ஒன்று இருப்பது அவசியம்.

சாலையோரக் குவியலிலிருந்து நேரே வாங்கிச் சமைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாத்தி உப்பில் அயோடின் சேர்த்திருக்காது. அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு நேரடியாக விற்பதற்கு இந்தியா முழுவதும் 2006 மே 17 முதல் தடை இருக்கிறது. அயோடின் சேர்த்த கல் உப்பு கடைகளில் கிடைக்கிறது, சமையலுக்கு அதுதான் சரி.

கடைசியாக, வடித்த தண்ணீர். இரண்டரை லிட்டரில் 25 கிராம் உப்புப் போட்டு வேகவைத்தால் மாவுக்குள் போனது 3 கிராம்தான். மீதி 22 கிராம் வாய்க்காலுக்குப் போகிறது. வாழைக்கோ முருங்கைக்கோ ஊற்றவும் முடியாது, மண் உவர்ந்துவிடும். சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ, பாஸ்தாவுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு தண்ணீர் தேவையே இல்லை என்று 2009-ல் செய்து பார்த்து எழுதினார். தண்ணீர் குறைந்தால் கஞ்சி கெட்டியாகும், அதில் ஒரு கரண்டி எடுத்துக் குழம்பில் விட்டால் எண்ணெய் பிரியாமல் சேர்ந்து நிற்கும். ஒன்றரை லிட்டர் போதும். ஒட்டாமல் அவ்வப்போது கிளற வேண்டும், அவ்வளவுதான்.

வீணாகும் உப்பு மலிவான பொருள் என்று விட்டுவிட மனம் வரவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் மூழ்கி மரக்காணத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. தை பிறந்தபின் மறுபடி வரப்புக் கட்டி, தரையை மிதித்து இறுக்கி, நீர் பாய்ச்சி, டிகிரி பார்த்துக் காத்திருந்து உப்பு எடுக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீருக்கான 15 கிராம் உப்பைத் தர, அரை லிட்டருக்கும் மேலான கடல்நீர் அந்த வெயிலில் காய்ந்திருக்கிறது.